கடப்பைக் கல்லில் நாலு விரல்

– அதான் சொல்லுதேன்லா முத்து, நாலே நாலு விரல்தான் கூடப் போச்சு. நாலு விரலுக்குப் போயி இந்தக் குதி குதிக்கியே!

– நாலு விரலோ நாலு முழமோ, கல்லு ரெண்டு சொவத்துக்கு நடுவுல இறங்கலைன்னா இறங்கலைதான? இங்கேருங்க, அளந்தது நீங்கதான? எதை வச்சு அளந்திய?

– கடையிலேருந்து கொண்டாந்த மீட்டர் கோலை வச்சுத்தான்.

– அதான் எப்படி அளந்திய?

– எப்படி அளப்பாங்க? கோலை வச்சேன், இழுத்துப் பிடிச்சேன், கடைசியில நாலு விரல் கூட விட்டேன். பதிமூணு வருசமா தி.நகர் கடையில அப்படித்தானளா துணி கிழிக்கேன். வாங்குதவன் மனசு குளிரணும்லா.

– கடப்பைக் கல்லுல யாரு மனசு குளிரணும்? துணின்னா மடிச்சுத் தச்சுக்கலாம். கல்லை மடிக்கவா முடியும்? முருகா! பதினோரு மணிக்குக் கேஸ் கம்பெனிக்காரரு வந்து நிப்பாரே. சமையல் மேடை இல்லைன்னா கனெக்‌ஷன் கெடையாதுன்னு, நேத்து சிலிண்டரை இறக்கும்போதே கண்டிசனாச் சொல்லிட்டுப் போனாருல்லா.

– சொன்னான், சொன்னான். அடுப்பு மேல இருக்கணும், சிலிண்டர் கீழ நிக்கணும். இல்லைன்னா சிலிண்டரைத் திருப்பி வண்டியில ஏத்தி அடுத்த நம்பர்காரன் வீட்டுல இறக்கிருவானாம். நாம நானூத்திப் பதினேழு. அந்த நானூத்திப் பதினெட்டு எவன்னு தெரியலை. காலையிலேயே குளிச்சு முழுகிட்டு, வண்டி வருதா வருதான்னு வாசல்லயே நிப்பான், பாவி. மூணு வருசம் காத்துக் கெடந்திருக்கேன். அவனுக்கா விட்டுக் குடுப்பேன்?

– அவரை எதுக்குத் திட்டுதிய? அவரு வீட்டுலயும் ஒருத்தி அடுப்பு ஊதிக்கிட்டுத்தான இருப்பா.

– ஊதட்டும். அவ நெஞ்சு நல்லா இருக்கும். ஒன் நெஞ்சுலல்லா சங்கு ஊதுது. இன்னொரு மழைக்காலம் விறகுப் புகையில உக்காந்தா அப்புறம் நான் பொறுப்பில்லன்னு டாக்டர் சொன்னாரே, நான் மறக்கலை, கேட்டியா. தள்ளிக்கோ. ஒங்க அண்ணன் கப்பல்லேருந்து கொண்டாந்து குடுத்த கல்லறுக்குத மெஷினுக்கு இன்னைக்குத்தான் வேளை வந்திருக்கு. விஜயதசமி! தொட்டதெல்லாம் துலங்கும். நேத்துத்தான ஆயுத பூசையில வச்சுக் கும்பிட்டோம்? போட்டேன்னா அல்வாத் துண்டு மாதிரி வந்து விழும் பாரு.

– ஒங்களுக்கு அதை ஓட்டத் தெரியுமா?

– இதுல தெரியதுக்கு என்ன இருக்கு? வட்டமா ஒரு தட்டு, ஒரு சுவிச்சு. மாவு மில்லுல பொம்பளையாளு ஓட்டலையா? பிளக்கும் சொருவியாச்சு. நீ அந்த ஓரமா நின்னு வேடிக்கை பாரு. ஒண்ணு... ரெண்டு...

– கை எடு! கை எடு அண்ணாத்தே! சுவிச்சுலேந்து கை எடுன்றேன்ல!

– யாரது? அட, நம்ம ரங்கன்! ஏளா, மேடைக்கு இரும்பு ஸ்டாண்டு செஞ்சு குடுத்த ரங்கன். வா வா. சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையிலேருந்தா வார?

– பட்டறை இன்னிக்கு லீவு. ஸ்டாண்டு ஆடாம குந்திச்சான்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். வந்து பாத்தா, இன்னா அண்ணாத்தே வேலை இது? மொதல்ல பிளக்கைப் புடுங்கு. பிளக்கா அது? ஒயரை ரெண்டாப் பிரிச்சி நெருப்புக் குச்சி வச்சி சொருவிக்கீறே!

– சிங்கப்பூர் பிளக்கு மந்தைவெளி ஓட்டையில போக மாட்டேங்குதே, என்ன செய்ய?

– அதுக்கோசரம்? குச்சி கயண்டு ஒயரு மிஷின் மேல பட்டுச்சின்னா நீ அப்பிடியே ஒட்டிக்கினு நிப்பே. உன்னைப் புடிச்சி இஸ்துடலாம்னு தங்கச்சி வரும். அதுவும் ஒட்டிக்கும். அப்பால நான் யாருகிட்ட போய் ஸ்டாண்டு நல்லா கீதான்னு கேக்குறது?

– அண்ணாச்சி, இவங்க கேக்க மாட்டாங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.

– சொல்றேன் தங்கச்சி. அண்ணாத்தே, வீல் மேல ஒரு இரும்பு மூடி இருக்குமே, எங்க?

– அதுவா? தட்டை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. கழத்தி அடுப்படியில வச்சுட்டேன். வெட்டுத எடம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

– மறைக்கத்தான்யா அத்த வச்சிக்கீறான்! வீல் ஒடஞ்சா உன் மூஞ்சிக்கு வராம தடுக்கிறது அந்த ஒண்ணுதான். தோள்ல இன்னா அது, துண்டா? இடுப்புல பட்டு வேட்டியா?

– விஜயதசமில்லா. காலையில சாமி கும்பிட்டேன், அதான்.

– துண்டு நுனி சிக்கிச்சின்னா கழுத்தையும் சேத்து இஸ்துக்கும். போய் ஒரு டவுசரு, அரைக்கை சட்டை, கால்ல தோல் செருப்பு, இல்ல பூட்ஸு. ஜல்தியா மாட்டிகினு வா. மெய்யாலுமே சொல்றேன், பட்டு கட்டிகினு மிஷின் புடிச்ச மொத ஆளு நீதான்.

– டவுசரா! எதுத்த வீட்டு ஜமீலுன்னிசா பாத்தா என்ன நெனைப்பாங்க?

– கண்ணு ரெண்டும் போயி நின்னா மட்டும் நல்லதா நெனைப்பாங்களா? போட்டுட்டு வாங்க. கொடியில தொங்குது பாருங்க, காக்கி டவுசரு.

– தங்கச்சி, அந்தக் கதவோரத்துல நிக்கிறது சிலிண்டர்தானே? அத்த வாசப் பக்கம் ரூமுக்குத் தள்ளணும். கல்லு அறுத்தா நெருப்பு கம்மியாத்தான் பறக்கும், இல்லேன்னு இல்ல. ரெண்டும் ஒரே எடத்துல இருக்க வேணாம். நீ புடி, இப்பிடி சாய்க்காம உருட்டலாம். அக்காங்... அவ்ளோதான். எம்மாங் கனம் பாரு!

– அண்ணாச்சி, மணி ஒம்போது ஆவப் போவுது. பதினோரு மணிக்குள்ள ஆயிருமா?

– வீல் சரியா இருந்தா அரை அவுரு வேலை. கவலப்படாதே.

– இந்தா வந்துட்டேன்! டவுசரு, சட்டை, பூட்ஸு. எப்படிளா இருக்கேன்?

– சிரிக்க வைக்காதிய. இளைப்பு வந்துரும்.

– அண்ணாத்தே, போலீசு கெட்டான் போ. சரி, வீலக் காமி. எத்தினி கீது?

– ஆறு தட்டு மச்சான் குடுத்தாரு. ஒண்ணு மாட்டியிருக்கு, பாக்கி அஞ்சு பூசையறையில இருக்கு. ஏளா, எடுத்துட்டு வா.

– நடுவுல பேப்பர் ஒட்டி இருக்கும் அண்ணாத்தே. அதுல போட்டிருக்கும், இது இரும்புக்கு, இது கல்லுக்குன்னு. எத்தினி வேகம் தாங்கும்னும் போட்டிருக்கும். மிஷின் சுத்துற வேகத்தை விட வீல்ல போட்ட வேகம் ஜாஸ்தியா இருக்கணும். அத்தப் பாக்காம எவனும் மாட்டக் கூடாது. குடு தங்கச்சி... இன்னா இது? பேப்பரே இல்ல?

– அது... பேப்பரு...

– எல்லாத்திலயும் சந்தனமும் குங்குமமுமா கீது. அட, கனமா வேற கீது. இது எப்பிடி ஈரமாச்சி?

– நான்தான் அண்ணாச்சி கழுவுனேன்.

– இன்னா?

– பூசைக்கு வைக்கணும்லா. வாளித் தண்ணியில ஊறப் போட்டு, தேங்கா நாரு வச்சு நல்லாத் தேச்சு, அந்த ஒட்டுக் காகிதத்தை உரிச்சுப் போட்டுட்டு, சந்தனம் வச்சேன். அருவாமணை, கத்திரிக்கோலு, மீட்டர் கோலு எல்லாத்தையும் அப்படித்தான் செஞ்சேன். ஆயுதத்தை அழுக்கோட சாமி முன்னால வைக்கவா?

– நல்லாத்தானளா செஞ்சிருக்க. பளபளன்னு இருக்கு. ஏன் ரங்கா இப்படி முழிக்க?

– அண்ணாத்தே, கும்புடுறது தப்பில்ல. நாங்களும் பட்டறைல பொட்டு வெப்போம். மிஷின் மேல வெப்போம், வீல் மேல வெக்க மாட்டோம். ஏன்னா இது இரும்பு இல்ல. மணலு மாதிரி பொடிய பசை போட்டு, நடுவுல வலை வச்சி அமுக்கின தட்டு. தண்ணி குடிச்சிச்சின்னா பசை வீக்காயிடும். ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் லேசா ஆயிடும். நிமிசத்துக்கு எட்டாயிரம் தபா சுத்துற சாமான் அது. ஒரு பக்கம் கனமாச்சின்னா பிச்சிகினு பறக்கும்.

– பறந்தா?

– எங்க வேணா போவும். எங்க பட்டறைல ஒருத்தனுக்குத் தொடைல ஏறி எலும்புல நின்னிச்சி. நீ மாட்டி வச்சிக்கீறே பாரு மிஷின்ல, அத்தக் கயட்டுறேன், கண்ணால பாரு. ஓரத்துல பொரிஞ்சி கீதா? நகத்தால தட்டினாலே உதிருது. இத்தப் போட்டுகினுதான் ஒண்ணு ரெண்டு எண்ணிகினு இருந்தே.

– அய்யய்யோ. நான் கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன். ஏளா, தண்ணி கொண்டா.

– முருகா! மூணு சொல்லியிருந்தா? ரங்கன் அண்ணாச்சி, நீங்க வரலைன்னா...

– வந்துட்டேன்ல. உடு.

– சரி, வெயில்ல காய வச்சா என்ன ரங்கா? இப்பவே சுள்ளுன்னு அடிக்குது.

– மேல காஞ்சிடும். உள்ள காஞ்சிச்சான்னு எவன் பாத்தான்? அதோட இந்த ஆறுல எது கல்லு வீலு, எது இரும்பு வீலு? பேப்பர் போச்சே. இரும்பு வீலப் போட்டுக் கல்ல அறுத்தா சூடாவும், தேயும், அறுக்காது. அறுக்கலேன்னு நீ அமுக்குவே. அமுக்கினா ஒடயும். எல்லாம் ஒரே எடத்துலதான் வந்து நிக்கும்.

– அப்போ பல்லு வச்ச வட்டம் ஒண்ணு தனியா இருக்கே? மரம் அறுக்குதது. அது இரும்புதான, தண்ணி ஒண்ணும் பண்ணாதுல்லா?

– அத்த இந்த மிஷின் கிட்டயே காமிக்காதே! பல்லு மாட்டிகிச்சின்னா மிஷினே துள்ளி உன் மேல வுழும். உங்க மச்சான் எதுக்கு அத்தயும் சேத்துக் குடுத்தாரோ. தூக்கிப் பரண்ல போடு.

– கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துருவோமே.

– இன்னிக்கா? எல்லாக் கடையும் பூசை போட்டு மத்தியானத்துக்கு அப்பாலதான் தொறப்பான். இன்னிக்கு ஆவாது அண்ணாத்தே.

– ஆவாதா?

– ஆவாது. நான் இன்னா பண்றது?

– போச்சு. எல்லாம் போச்சு. என் கையாலயே கெடுத்துக்கிட்டேனே. மூணு வருசம் சாமிகிட்ட கேட்டு, சாமி குடுத்ததை நானே தண்ணியில ஊறப் போட்டுட்டேன். இனி நான் என்ன...

– அழாதளா. அழுதா இளைப்பு ஏறும். இந்தா, முதுகைத் தடவுதேன். மெதுவா மூச்சு விடு. பாரு ரங்கா, இப்பவே விசிலடிக்கு. அடுப்புப் பக்கமே போவலை இன்னைக்கு, வெறும் அழுகைக்கே இந்தப் பாடு. மெதுவாளா. மெதுவா.

– ...ஒண்ணுமில்ல. இப்பம் சரியாயிரும். அண்ணாச்சி, நீங்க நில்லாதிய, ஒங்களுக்கும் நல்ல நாளு. வீட்டுக்குப் போங்க.

– ம்.

– என்ன அண்ணாச்சி, சொவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிய?

– ஒண்ணுமில்ல தங்கச்சி. மணி இன்னா?

– ஒம்போதே கால்.

– என் வூட்ல ஒண்ணு கீது.

– என்னது?

– வீலு. கல்லு வீலு. புச்சு, பேப்பரு கூடக் கிழியல. சொந்த வேலைக்குன்னு வாங்கி ஈரம் படாம ஆணில மாட்டி வச்சிக்கீறேன். பட்டினப்பாக்கம்தான், சைக்கிள்ல பத்து நிமிசம். நல்ல பிளக்கு ஒண்ணு, கண்ணாடி, எல்லாம் கொண்ணாந்துடறேன்.

– யப்பா ரங்கா! நீ மனுசன் இல்லவே, தெய்வம்!

– தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வர வரைக்கும் மிஷினத் தொடாதே. தங்கச்சி, இவரு மேல ஒரு கண்ணு வை.

– போயிட்டானா? என்ன மிதி மிதிக்கான் பாரு! ஏளா, எனக்கு ஒரு யோசனை.

– வேண்டாம்.

– இன்னும் சொல்லவே இல்லையே.

– அஞ்சு தட்டுல எது நல்லா காஞ்சிருக்கோ அதைப் போட்டு லேசா ஒரு கோடு மட்டும் இழுத்துப் பாக்கலாம்னுதான சொல்லப் போறிய? மெஷின் ஒயரு என் மடியில இருக்கு. தட்டு ஆறையும் கிணத்தடி ஓரமாப் போட்டு ஒடைக்கப் போறேன். பொட்டு வச்சதை ஒடைக்கமேன்னு மனசு அடிக்கத்தான் செய்யுது. ஒங்க தொடையில ஏறுததுக்கு அது தேவலை.

– சரி, சரி. ஒடச்சுரு. நீ ஒடைக்குத தைரியத்துல எனக்குக் கொஞ்சம் வந்திருக்கு. ரங்கன் வருவாம்லா?

– வருவாரு. ஆனா ஆவாதுன்னு சொல்லும்போது அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. பாத்தியளா?

– நான் ஒன் மூஞ்சியைத்தான் பாத்தேன். முத்து, ஒண்ணு சொல்லவா? கடையில சிரிச்சுச் சிரிச்சு சீலை விரிச்சுப் போடுதேன். மனசு பூரா இந்த அடுப்படியிலதான் கெடக்கும். இந்நேரம் ஊதிக்கிட்டு இருப்பா, இந்நேரம் இருமுவான்னு. அதான் இந்த அவசரம். எனக்கு ஒன்னை விட்டா யாருளா இருக்கா?

– தெரியும். அதுக்காக நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அவசரப்படாதிய. எனக்கு அது போதும்.

– மணி பாரு. ஒம்போது அம்பது. அந்த நானூத்திப் பதினெட்டு இந்நேரம் வீட்டுல தோரணம் கட்டியிருப்பான்.

– பேச்சை விடுங்க. அன்னா மணிச் சத்தம், சைக்கிள்தான்!

– வந்துட்டேன்! தள்ளு தள்ளு. அண்ணாத்தே, பிளக்கு நான் மாட்டுறேன், மூணு கம்பியும் ஒயிங்கா. நீ இந்த வீலப் படி. இன்னா எழுதிக்கீது?

– கல்லுக்கும் சிமெண்டுக்கும்னு இங்கிலீசுல போட்டிருக்கு. வேகம் எட்டாயிரத்து ஐந்நூறு.

– மிஷின்ல?

– எட்டாயிரம். அப்போ தட்டுதான் ஜாஸ்தி. சரிதான?

– ஷோக்கு! பாஸாயிட்டே. இப்போ மூடியப் போட்டு, வீல மாட்டி, நட்டு முறுக்கினேன். கையால சுத்திப் பாரு, எங்கியும் ஒரசலையே? அக்காங். தங்கச்சி, நீ எதுத்த வூட்டுக்குப் போயிடு. கல்லு மாவு உன் நெஞ்சுக்கு ஆவாது. நாங்க மூக்குல ஈரத்துணி கட்டிக்கிறோம், அதுவே பத்தாது.

– போறேன். ஜமீலுன்னிசா அக்கா வீட்டு ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பேன். சாக்கிரதை அண்ணாச்சி.

– ரங்கா, எனக்கு ஒரு ஆசை. கோடாவது நான் போடுதேன்.

– உன்னை உட்டா வேற யாரு? துணிக்குப் போடுற சாக்குக் கட்டி கீதா? போடு. இந்த தபா உனக்கு நாலு விரல் தாராளம் வேணாம், சாமி.

– சொவத்துக்குச் சொவம் நானே அளந்தேன், நூல் பிசகலை. பாரு கோட்டை! வகிடு எடுத்த மாதிரி இல்லை?

– மெய்யாலுமே நேரா கீது. கல்லு கீழ மணலு மூட்டை ரெண்டு பக்கமும் வச்சாச்சி, ஆடாது. நீ கல்லப் புடிக்க வேணாம். அந்தச் சுவிச்சுப் பக்கம் நில்லு, வீலுக்கு நேரா நிக்காதே. நான் கை தூக்கினா ஆஃப் பண்ணு. மொதல்ல ஒரு நிமிசம் சும்மா ஓட உடறேன். ஒடயறதா இருந்தா இப்பவே ஒடயட்டும். போடு!

– போட்டேன்! ஆத்தாடி, என்ன சத்தம்!

– நல்லா சுத்துது! ஒதறல் இல்ல! கல்லுல வெக்கிறேன்! பாத்துக்கோ, அமுக்கக் கூடாது, அதும் பாட்டுக்குப் போவ உடணும்! ஒரே தபால அறுக்கக் கூடாது, கீறிக் கீறிப் போவணும்!

– ரங்கா! தூசி பறக்கு! கோடு விழுது ரங்கா! அறுக்குது, அறுக்குது!

– தெரியுது, கத்தாதே! கை தூக்கிட்டேன், நிறுத்து!

– நிறுத்திட்டேன். என்ன ஆச்சு?

– ஒண்ணும் ஆவல. மிஷினுக்கு மூச்சு வாங்குது, எனக்கும்தான். ஆஃப் பண்ணாலும் வீல் சுத்திகினு இருக்கும் பாரு. அது நிக்கிற வரைக்கும் கீழ வெக்கக் கூடாது. நின்னிச்சா? இப்போ வெக்கலாம். பாதி ஆழம் வந்துடுச்சி. மிச்சம் நீ அறுக்கிறியா?

– நானா!

– விஜயதசமி அதுவுமா ஆசைப்பட்டே. பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் மிஷின உன் கைல குடுப்பேன். கண்ணாடிய மாட்டு. ரெண்டு கையும். ஒரு கைல புடிச்சே, நானே வந்து உதைப்பேன். கொஞ்சம் பக்கவாட்டுல நில்லு. விழுந்த கோட்டுலயே போ, திருப்பாதே, சாய்க்காதே. உள்ள சிக்கிச்சின்னா எதிர்த்து உதைக்கும், கெட்டியாப் புடி. பிளக்கு சொருவிட்டேன், சுவிச்சுகிட்ட நான் நிக்கிறேன். போடவா?

– இரு. முருகா! போடு!

– மெதுவா... அக்காங்! அப்பிடித்தான்! அமுக்காதே, உடு, அதுவே போவும்!

– ரங்கா, மெஷின் கெடந்து அதிருது! ஆனா போவுது! நேராப் போவுது! ஏளா முத்து, பாத்தியா, ஜன்னல்லேருந்து தெரியுதா!

– ஏய்! கல்லப் பாரு, ஜன்னலப் பாக்காதே! போதும், நிறுத்துறேன். நிக்கட்டும், நிக்கட்டும். இப்போ வை. ஷோக்கா வந்துட்டே அண்ணாத்தே. மிச்சத்துக்கு மிஷின் வேணாம். அடியில கட்டையக் குடுத்து சுத்தியால ஒரு தட்டு. ஒண்ணு, ரெண்டு...

– விழுந்துட்டு! நாலு விரலும் விழுந்துட்டு!

– மணி?

– பத்தரை தாண்டிட்டு. தூக்கு தூக்கு, உள்ள கொண்டு போவோம். பாத்து, நெலையில இடிக்கப் போவுது. இந்தப் பக்கம் இறக்கு. மெதுவா... ரங்கா! உக்காந்துட்டு! இந்தச் சொவம் அந்தச் சொவம் ரெண்டையும் தொட்டுக்கிட்டு உக்காந்துட்டுவே!

– தண்ணி ஊத்திக் கழுவி உடு, கல்லு மாவு நிக்கக் கூடாது. அடுப்ப நடுவுல வை. சன்னலோரம் வெக்காதே, காத்துல அணையும். சிலிண்டர் கீழ, நிமிந்து நிக்கணும், ரப்பர் டியூப் அடுப்புக்கு அடியால போவக் கூடாது, பக்கவாட்டுல வரணும். கேஸ் கம்பெனி ஆளு அதெல்லாம் பாப்பாரு.

– ஒனக்கு எப்படிவே இவ்வளவும் தெரியுது?

– கேட்டு வச்சிக்கீறேன். வாசல்ல ஸ்கூட்டர் சத்தம் கேக்குது பாரு.

– வந்துட்டாரு! முத்து, ஓடி வா! வாங்க சார், வாங்க, நானூத்திப் பதினேழு, வெள்ளைத்துரை. டவுசரைப் பாக்காதிய சார், மேடையைப் பாருங்க!

– ஏங்க, போயிட்டாரா அவரு?

– போயிட்டாரு! எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்தாரு, ரெகுலேட்டரை மாட்டுனாரு, கையெழுத்து வாங்குனாரு, போயிட்டாரு. ஏளா, இன்னும் ஏன் தள்ளி நிக்க? ஒன் அடுப்பு. நீதான் பத்த வைக்கணும்.

– எனக்குப் பயமா இருக்கு.

– தங்கச்சி, மொதல்ல தீக்குச்சியக் கொளுத்து, அப்பால திருப்பு. திருப்பிட்டு குச்சி தேடக் கூடாது. அக்காங்.

– முருகா... அம்மாடி! எரியுது! நீலமா எரியுது! நான் ஊதவே இல்லையே, தானா எரியுது! புகையே இல்லைங்க! குனியவே வேண்டாம், நின்னுக்கிட்டே... நின்னுக்கிட்டே சமைக்கலாம்.

– அழுவுதியாளா?

– அழுதுக்கிடுதேன் விடுங்க. இது வேற அழுகை. மொதப் பாலு பொங்குனதும் மொத டம்ளரு அண்ணாச்சிக்குத்தான். உக்காருங்க அண்ணாச்சி.

– எனக்கு எதுக்கு தங்கச்சி. கை காலு கழுவிட்டுக் கெளம்புறேன்.

– உக்காருவே. நீ இல்லாம இன்னைக்கு ஏது? அந்தக் கேஸ்காரன் என்ன சொல்லிட்டுப் போறான் தெரியுமா முத்து? இந்த லோடு இதோட முடிஞ்சு போச்சாம். அடுத்த லோடு தைக்கு அப்புறம்தானாம், அதுவும் நிச்சயமில்லையாம். நூலு எழையில தப்பிச்சோம். அந்த நானூத்திப் பதினெட்டு தோரணத்தை அவுத்து வச்சுட்டு இன்னும் ஒரு மழைக்காலம் ஊதட்டும்! வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாம்லா, பாவி!

– சும்மா இருங்கங்கேன், நல்ல நாளும் அதுவுமா. இந்தாங்க அண்ணாச்சி, பாலு. சீனி கூடப் போட்டிருக்கேன். ஆமா, நான் உள்ள வரும்போது கவனிச்சேன், அந்தக் கம்பெனிக்காரரு ஒங்களைப் பாத்துட்டு, நீ எங்கப்பா இங்கன்னு கேட்டாரே. ஒங்களைத் தெரியுமா அவருக்கு?

– தெரியும். வாரத்துல ரெண்டு தபா அவங்க ஆபீசு வாசல்லதான் நிக்கிறேன். நேத்து போர்டுல லிஸ்டு ஒட்டினப்போ கூட நான்தான் மொதல்ல போய்ப் பாத்தேன்.

– எதுக்கு அண்ணாச்சி?

– பாலு நல்லா கீது தங்கச்சி. காலைல நான் ஸ்டாண்டு ஆடுதான்னு மட்டும் பாக்க வரல. அண்ணாத்தே திட்டிகினே கீறாரே, அந்த நானூத்திப் பதினெட்டு... அது நான்தான்.